ஆல்ஸ்வென்ஸ்கான் 2025: மீனவ கிராமத்துக்குச் சென்ற ஸ்வீடன் கால்பந்து பட்டம்

ஸ்வீடனின் முதல்நிலை ஆடவர் கால்பந்து லீக்கான ஆல்ஸ்வென்ஸ்கானில் 2025-ஆம் ஆண்டுக்கான பட்டத்தை மியெல்பி அணி வென்றது. 1939-இல் தொடங்கப்பட்ட இக்கழகத்தின் வரலாற்றில் இதுவே முதல் பெரிய பட்டமாகும்.

நாட்டின் தென்கோடியில், பால்டிக் கடலோரம் அமைந்துள்ள ஹெல்லவிக் என்ற மீனவ கிராமத்தில் அணியின் சொந்த மைதானமான ஸ்ட்ராண்ட்வாலன் உள்ளது. கிராமத்தில் வசிப்போர் 1,000 பேர்கூட இல்லை. மைதானத்திலோ 6,000-க்கும் மேற்பட்டோர் ஆட்டத்தைக் காணலாம்.

கடுங்குளிர் காரணமாக ஸ்வீடனில் லீக் ஆட்டங்கள் மார்ச் இறுதியில் தொடங்கி நவம்பரில் முடிவடைகின்றன. 16 அணிகளும் ஒன்றையொன்று இருமுறை சந்திப்பதால், ஒவ்வொரு அணிக்கும் 30 ஆட்டங்கள். அக்டோபர் 20-ஆம் தேதி கோதன்பர்க் நகரில் ஐ.எப்.கே. கோதன்பர்க் அணியை 2-0 என்ற கோல் கணக்கில் வீழ்த்தியபோது, மியெல்பிக்கு இன்னும் மூன்று ஆட்டங்கள் எஞ்சியிருந்தன. ஆனால், அப்போதே இரண்டாமிடத்தில் இருந்த ஹம்மர்பியை விட 11 புள்ளிகள் முன்னிலை பெற்று பட்டத்தை உறுதி செய்தது. எஞ்சிய மூன்றையும் வென்று, 23 வெற்றி, 6 டிரா, ஒரே ஒரு தோல்வியுடன் 75 புள்ளிகளை எட்டியது. 16 அணிகள் பங்கேற்கும் லீக்கில் இது புதிய சாதனை.

சிறிய ஊர்களின் அணிகள் பட்டம் வெல்வது ஸ்வீடனுக்கு முற்றிலும் புதிதல்ல. 1968-இல் முதல்நிலைக்கு ஏறிய ஆண்டிலேயே ஓஸ்டர் சாம்பியன் ஆனது. சிறிய தொழில் நகரமான ஆட்விடபெரி 1972, 1973 ஆகிய இரு ஆண்டுகளிலும் வென்றது. எனினும், ஐரோப்பியப் போட்டிகளின் வருவாய் பெரிய அணிகளிடம் குவியும் இக்காலத்தில் அத்தகைய வெற்றி மேலும் அரிதானது. 24 முறை தேசிய சாம்பியனான மால்மோ, 2023, 2024 பட்டங்களையும் வென்றிருந்த நிலையில், இம்முறை ஆறாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது.

மியெல்பியின் வளர்ச்சி ஒரே ஆண்டில் நிகழ்ந்ததல்ல. 2014, 2015 என அடுத்தடுத்து தரமிறக்கப்பட்டு மூன்றாம் நிலைக்குச் சென்ற அணி, 2016-இல் நான்காம் நிலைக்கு வீழும் அபாயத்திலிருந்து நூலிழையில் தப்பியது. நிதி நெருக்கடியும் சேர்ந்திருந்த காலம் அது. பின்னர் 2018, 2019 ஆகிய ஆண்டுகளில் தொடர்ந்து இரு படிகள் ஏறி மீண்டும் முதல்நிலையை அடைந்தது. 2023-இல் ஸ்வீடன் கோப்பை இறுதி ஆட்டம் வரை முன்னேறி ஹெக்கன் அணியிடம் தோற்றது.

2025-இல் தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஆண்டர்ஸ் டோர்ஸ்டென்சன் முன்னாள் ராணுவ அதிகாரி. பள்ளித் தலைமையாசிரியராகவும் பணியாற்றியவர். அப்போது துணைப் பயிற்சியாளராக இருந்த நார்வேயைச் சேர்ந்த கார்ல் மரியுஸ் ஆக்சம், பந்து வருமுன் வீரர்கள் களத்தைச் சுற்றிலும் எவ்வாறு பார்த்து முடிவெடுக்கின்றனர் என்பதை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். விலை உயர்ந்த நட்சத்திர வீரர்களை வாங்க இயலாத அணிக்கு இந்த ஆய்வறிவு பெரும் பலமாக அமைந்தது எனலாம்.

ஸ்வீடன் கழகங்களின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்பது விதி. இதனால் பெரும் செல்வந்தர் ஒருவர் கழகத்தைத் தம் கட்டுப்பாட்டில் கொண்டுவர இயலாது. ரசிகர்களான இந்த உறுப்பினர்களின் எதிர்ப்பால், நடுவருக்கு உதவும் காணொலி மறுஆய்வு முறையும் இங்கு நடைமுறைக்கு வரவில்லை. ஐரோப்பாவின் முக்கிய லீக்குகளில் இது அரிய விதிவிலக்கு.

அட்டவணையின் அடிப்பகுதியிலும் அதிர்ச்சிக்குக் குறைவில்லை. வார்னமோவுடன், 1968-இன் சாம்பியனான ஓஸ்டரும் நேரடியாகத் தரமிறக்கப்பட்டது. 13 முறை சாம்பியனான நார்ஷோப்பிங், தகுதிகாண் மோதலில் இரண்டாம் நிலை அணியான ஓர்கிரிட்டேயிடம் தோற்று வெளியேறியது. மியெல்பிக்கு ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச்சுற்றில் விளையாடும் வாய்ப்பு கிடைத்துள்ளது.