குந்தவையின் நகை கறுத்திருந்ததா?

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் மணப்பெண்ணுக்கு நகை பார்க்கப் போனால், பள்ளங்களில் கறுத்து மங்கிய ஆரம் ஒன்றை 'ஆன்டிக்' என்று எடுத்துக் காட்டுவார்கள். வழக்கம் முன்பே உண்டு; 2022, 2023-இல் 'பொன்னியின் செல்வன்' படங்கள் வந்தபின் அதற்குச் 'சோழர் நகை' என்ற பெருமையும் சேர்ந்தது.

சோழர் நகை இப்படியா இருந்தது? பொன் காற்றில் கறுக்காது. ஆயிரம் ஆண்டு கழித்துத் துடைத்தாலும் பளிச்சிடும். 22 காரட் நகையில் பொன் 91.6 விழுக்காடு. எஞ்சிய செம்பும் வெள்ளியும் சற்றே கறுக்கலாம். மற்றபடி எண்ணெயும் அழுக்கும்தான். மேலும், குந்தவையார் அணிந்த நாளில் அவர் நகை புதியது அல்லவா! தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அவர் அளித்த அணிகலன்களைக் கல்வெட்டுகள் எடையோடு கூறுகின்றன. பொன்னை நிறுத்த எடைக்கல்லின் பெயர் 'ஆடவல்லான்'. கறுப்பைப் பற்றிப் பேச்சில்லை.

ஆடையும் இப்படித்தான். சோழர் காலச் சீதேவி படிமங்களில் மார்புக்கச்சு உண்டு, தைத்த ரவிக்கை இல்லை. 1931-இல் வெளிப்பட்ட தஞ்சை ஓவியத்து ஆடல் மகளிரும் ரவிக்கை அணியவில்லை. திரைக்கு அது ஒவ்வாது.

மங்கல் நகை மட்டும் திரைக்கு ஏன் ஒத்துப்போகிறது? மெருகேறிய பரப்பு ஒளியை ஒரே திசையில் திருப்பிப் படக்கருவியைக் கூசச் செய்யும். சொரசொரப்பான பரப்பு பல திசைகளிலும் சிதறடிக்கும். பள்ளத்துக் கறுப்பு வேலைப்பாட்டை எடுத்துக்காட்டும். கடைக்குப் போனால் இரண்டு வளையல்களைக் குழல்விளக்கின் கீழ்ச் சாய்த்துப் பாருங்கள். மெருகிட்டதில் விளக்கின் உருவம் கோடாகத் தெரியும், மற்றதில் தெரியாது.