ஒன்பது கட்டம் போட்ட வயிறு

எல்லைக் கோடு என்பது என்னவென்று திருத்தணிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர், ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பேச்சில் தெலுங்கும் தமிழும் அதற்கு முன்பு கலந்திருந்தது போலவே பிறகும் கலந்திருக்கிறது. வயிற்றின்மேல் மருத்துவர்கள் இழுத்த கோடுகளையும் வலி இப்படித்தான் மதிக்கிறது.

வயிற்றில் தொப்புளைத் தவிர கண்ணுக்குத் தெரியும் அடையாளம் ஏதுமில்லை. நெஞ்சுக்குழி, விலா, அடிவயிறு என்று நாம் சொல்லும் இடங்களுக்கு எல்லை கிடையாது. 1858-ல் லண்டனில் வெளிவந்த ஹென்றி கிரேயின் உடற்கூறு நூல் குறுக்கே இரண்டு, நெடுக்கே இரண்டு கோடுகள் போட்டு வயிற்றை ஒன்பது கட்டங்களாக்கிக் காட்டியது. அந்த நூல் தமிழுக்கு வர அதிக காலம் ஆகவில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிரீனின் முயற்சியில் 1872-ல் அது ‘மனுஷ அங்காதிபாதம்’ ஆயிற்று.

கிரே தன் மேல்கோட்டை விலா எலும்பை வைத்துப் போட்டிருந்தார். விலாவோ ஆளுக்கு ஆள் மாறும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உடற்கூறு அறிஞர் கிறிஸ்டோபர் அடிசன் சடலங்களை அளந்து பார்த்து, தொண்டைக்குழிக்கும் அடிவயிற்றுக்குக் கீழே இருக்கும் இடுப்பு முன்னெலும்புக்கும் நடுவே அந்தக் கோட்டை வைத்தார். பிறகு அவர் அரசியலுக்குப் போய் 1919-ல் பிரிட்டனின் முதல் சுகாதார அமைச்சரும் ஆனார். பாடப்புத்தகத்தில் நிலைத்திருப்பது என்னவோ அந்தக் கோடுதான்.

கட்டம் போதாது, ஒரு புள்ளியே வேண்டும் என்றார் நியூயார்க் அறுவை மருத்துவர் சார்லஸ் மெக்பர்னி. வலது இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து தொப்புளுக்கு ஒரு கோடு; அதில் எலும்பிலிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தூரம். ஒற்றை விரலால் அங்கே அழுத்தும்போது நோயாளி துடித்தால் குடல்வால் அழற்சி என்று 1889-ல் எழுதினார்.

ஆனால் அந்த வலி பெரும்பாலும் அங்கே தொடங்குவதில்லை. முதலில் தொப்புளைச் சுற்றி மந்தமாக வலிக்கும். குடல்வாலின் நரம்பும் தொப்புள் பகுதித் தோலின் நரம்பும் தண்டுவடத்தில் ஒரே மட்டத்தில் நுழைவதால் மூளை இடம் தடுமாறுகிறது. பல மணி நேரம் கழித்து வீக்கம் வயிற்றின் உட்சுவரை உரசும்போதுதான் வலி வலப்பக்கம் இறங்கிக் கூர்மையாகும். “எங்கே வலிக்குது?” என்பதோடு நிற்காமல் “முதல்ல எங்கே ஆரம்பிச்சது?” என்றும் மருத்துவர் கேட்பது இதனால்தான்.

கட்டத்துக்கு வெளியிலிருந்து வரும் வலியும் உண்டு. நெஞ்சுக்குழியில் எரிகிறது, கேஸ்தான் என்று சோடா குடித்துவிட்டு வருகிறவருக்கு, வயிற்றைத் தொட்டுப் பார்த்த கையோடு ஈசிஜியும் எடுக்கச் சொல்கிறார்கள். மாரடைப்பு சிலருக்கு அந்த மேல்கட்டத்தில்தான் வலிக்கும்.