பூந்தமல்லியின் உச்சி வானில் ஒரு கேலக்ஸிக் கொத்து

சித்திரை பிறந்து இரண்டு வாரம் ஆனதும், இரவு பத்து மணி வாக்கில் அம்பத்தூரிலோ ஆவடியிலோ மொட்டை மாடியில் நின்று அண்ணாந்து பார்த்தால், கன்னி ராசியின் ஒரு மூலை நேர் உச்சியில் இருக்கும். உத்திர நட்சத்திரத்துக்குக் கிழக்கே பத்து டிகிரி தள்ளிய இடம். தொழிற்பேட்டையின் வெளிச்சத்தில் வெறுங்கண்ணுக்கு அங்கே எதுவும் தட்டுப்படாது. ஆனால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேலக்ஸிகள் ஒன்றையொன்று ஈர்த்தபடி கூடிக்கிடக்கும் கன்னிக் கொத்து அங்கேதான் இருக்கிறது. தொலைவு ஏறக்குறைய ஐந்தரைக் கோடி ஒளியாண்டு. அதன் நடுவிலுள்ள எம்87 என்ற ராட்சத கேலக்ஸி, பூந்தமல்லியின் உச்சிப் புள்ளியிலிருந்து ஒரு டிகிரிகூட விலகாமல் கடந்து போகிறது.

இதே வானத்தின் கீழ், சென்னை நுங்கம்பாக்கத்தில், 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வுக்கூடம் எழுந்தது. வடிவமைத்தவர் மைக்கேல் டாப்பிங். கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்றும் வானிலை மையத்தின் வளாகத்தில் நிற்கிறது. அங்கேதான் வானியலாளர் டி.ஜி. டெய்லர், விண்மீன்கள் உச்சிக்கோட்டைக் கடக்கும் நேரத்தையும் உயரத்தையும் இரவிரவாகக் குறித்து, 11,015 விண்மீன்கள் கொண்ட மதராஸ் பட்டியலை 1844இல் வெளியிட்டார். பிறகு அதே கூடத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். வானத்தைப் பகுதி பகுதியாக அளந்து பட்டியலிடும் பொறுமை சென்னைக்குப் புதிதல்ல.

எம்87ஐ பிரெஞ்சு வானியலாளர் சார்ல் மெஸ்ஸியே 1781 மார்ச் 18 அன்றே ஒரு மங்கலான திட்டாகக் குறித்துவைத்திருந்தார். கன்னி ராசிப் பக்கம் அப்படிப்பட்ட திட்டுகள் நிறைய இருப்பதும் அவர் கண்ணில் பட்டது. அவை நம் பால்வெளிக்கு வெளியே உள்ள தனித்தனி கேலக்ஸிகள் என்பது 1920களில் எட்வின் ஹபிளின் ஆய்வால்தான் உறுதியானது.

அதற்குப் பிறகு ஆய்வின் வேகம் கூடியது. 1933இல் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி கோமா என்ற கேலக்ஸிக் கொத்தை ஆராய்ந்தார். அதிலுள்ள கேலக்ஸிகள் ஓடும் வேகத்துக்கு, கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு மட்டும் போதாது. கட்டிவைக்க வேறு ஏதோ இருக்க வேண்டும் என்றார். இன்று அதைக் கரும்பொருள் என்கிறோம். 1958இல் ஜார்ஜ் ஏபெல், பாலோமர் தொலைநோக்கி எடுத்த வான் படத் தகடுகளைத் தன் கண்ணாலேயே தேடிப் பார்த்து 2,712 கொத்துகளைப் பட்டியலிட்டார். அசாத்தியமான உழைப்பு. ஆனாலும் ஒரு குறை அதில் இருந்தே தீரும். முன்னும் பின்னுமாக வெகுதூரம் விலகியுள்ள கேலக்ஸிகள், படத்தில் பக்கத்துப் பக்கத்தில் விழுந்து கொத்து போலத் தோன்றலாம்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க உதவியது எக்ஸ் கதிர். காற்று மண்டலம் அதைத் தரைக்கு விடாது என்பதால் ராக்கெட்டில் கருவியை மேலே அனுப்ப வேண்டியிருந்தது. பால்வெளிக்கு வெளியே முதலில் அறியப்பட்ட எக்ஸ் கதிர் மூலம் எம்87தான்; இதை 1966இல் அறிவித்தார்கள். 1970 டிசம்பரில் கென்யக் கடற்கரைக்கு அப்பாலிருந்து ஏவப்பட்ட உஹுரு செயற்கைக்கோள், கொத்துகளில் எக்ஸ் கதிர் ஒரே புள்ளியிலிருந்து வராமல் பரந்த வெளியிலிருந்து வருவதைக் காட்டியது. கேலக்ஸிகளுக்கு இடையே கோடிக்கணக்கான டிகிரி வெப்பத்தில் வாயு நிறைந்திருக்கிறது. கன்னிக் கொத்தில் அது சுமார் மூன்று கோடி டிகிரி. பெரிய கொத்துகளில் இந்த வாயுவின் நிறை, விண்மீன்கள் அனைத்தின் நிறையைப் போலப் பல மடங்கு. அத்தனை சூடான வாயு சிதறாமல் நிற்க ஆழமான ஈர்ப்பு தேவை. எனவே எக்ஸ் கதிர் பரந்து தெரிந்தால், அங்கே இருப்பது பெரும்பாலும் மெய்யான கொத்து.

இந்த வரலாற்றில் சென்னைக்காரர் ஒருவரின் பங்கு பெரியது. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், வெண்குறு விண்மீன்களின் நிறை வரம்புக்காகவே இங்கே அதிகம் பேசப்படுகிறார். 1943இல் அவர் எழுதிய இன்னொரு ஆய்வு கொத்துகளுக்கு நேரடியாகப் பொருந்துவது. பொருள் நிறைந்த வெளியில் ஓடும் கனத்த உடல், தன் பின்னால் இழுத்துச் சேர்க்கும் பொருளின் ஈர்ப்பாலேயே வேகம் குறையும் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். கொத்துகளில் பெரிய கேலக்ஸிகள் மெல்ல மெல்ல நடுவில் சேர்வதை விளக்க இன்றும் அந்தக் கணக்குத்தான் எடுக்கப்படுகிறது. அவர் பெயர் தாங்கிய நாசாவின் சந்திரா எக்ஸ் கதிர் தொலைநோக்கி 1999 ஜூலை 23 அன்று விண்ணேறியது. எம்87இன் நடுவிலுள்ள கருந்துளையிலிருந்து பீறிடும் ஆற்றல், சுற்றியுள்ள வாயுவில் குடைந்த வெற்றிடங்களை அது படமெடுத்தது. நம் பாடப்புத்தகங்களில் 1943 ஆய்வுக்கும் ஒரு பத்தியாவது இடம் தரவேண்டும்.

2019இல் ஏவப்பட்ட ஈரோசிட்டா என்ற ஜெர்மானியத் தொலைநோக்கி, எக்ஸ் கதிரில் முழு வானையும் துழாவியது. அதன் முதல் சுற்றில், பாதி வானத்திலிருந்து மட்டும், 12,247 கொத்துகள் பட்டியலாகி 2024இல் வெளிவந்தன. எக்ஸ் கதிர் காட்டிய ஒவ்வொரு இடத்தையும் ஒளிப்படக் கணக்கெடுப்புகளோடு ஒப்பிட்டு, அங்கே கேலக்ஸிகள் கூடியிருக்கின்றனவா, எவ்வளவு தொலைவு என்று சரிபார்த்த பிறகே பட்டியலில் சேர்த்தார்கள். ஏபெல் தனியாளாகச் செய்த வேலையும் உஹுருவின் வேலையும் இங்கே ஒன்றாகிவிட்டன.

இந்தத் தரவுகள் எல்லாருக்கும் திறந்தவை. 2017இல் புனேயைச் சேர்ந்த வானியலாளர்கள் 400 கோடி ஒளியாண்டுத் தொலைவில் கொத்துகள் பல சேர்ந்த சரஸ்வதி பெருங்கொத்தைக் கண்டறிந்ததும், ஸ்லோன் என்ற வான் கணக்கெடுப்பின் பொதுத் தரவைக் கொண்டுதான். ஆவடியிலும் பூந்தமல்லியிலும் வரிசையாக நிற்கும் பொறியியல் கல்லூரிகளில் இதற்குத் தேவையான கணினியும் கணிதமும் இருக்கின்றன. அங்குள்ள பேராசிரியர்கள் வரும் ஆண்டிலாவது இறுதியாண்டு மாணவர்களின் புராஜெக்டாக ஒரு கேலக்ஸிக் கொத்தைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.