புத்தாண்டுத் தட்டில் இருப்பது யாருடைய பலகாரம்?



கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

சித்திரைப் புத்தாண்டு கிட்ட வரும்போது எமது ஊர் வட்ஸ்அப் குழுக்களில் வருடா வருடம் ஒரு கேள்வி சுற்றும். பக்கத்து வீட்டுச் சிங்கள ஆக்கள் தரும் பலகாரத் தட்டை எடுப்பதா, விடுவதா? மார்க்கத் தீர்ப்புச் சொல்வது எமது வேலை அல்ல; அதை ஊர் ஆலிம்களிடம் கேட்போம். பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பிக்கும் நாம் சொல்லக்கூடியது வேறொன்று. அந்தத் தட்டு எங்கிருந்து வந்தது, அதில் யார் யாருடைய கை பட்டிருக்கிறது என்ற கதை.

முதலில் பாற்சோறு, அதாவது கிரிபத். புத்தாண்டு பிறக்கும் நேரத்துக்கு முன்னும் பின்னுமாக 12 மணி 48 நிமிடம் புண்ணிய காலம் என்பார்கள். அதன் முற்பகுதியில் அடுப்பு எரியாது, வேலை நடக்காது. பிறகு நெகத் சீட்டில் குறித்த நேரத்தில், குறித்த திசையைப் பார்த்து அடுப்பை மூட்டி, புதுப் பானையில் பால் பொங்க வைப்பார்கள். பால் பொங்கி வழிந்தால் வருடம் முழுவதும் செல்வம் பொங்கும் என்பது நம்பிக்கை. எமது பக்கத்துத் தோட்டங்களில் வாழும் தமிழ்ச் சகோதரர்கள் அதே நாளில் மருத்துநீர் வைத்துக் குளித்துப் பொங்கல் வைக்கிறார்கள்.

இது இலங்கைக்கு மட்டும் உரிய பழக்கம் அல்ல. ஸ்பெயினில் டிசம்பர் 31 நள்ளிரவில் மணி அடிக்கும் ஒவ்வொரு முறையும் ஒன்றாக 12 முந்திரிப்பழம் சாப்பிடுவார்கள். இத்தாலியில் பருப்பு, அது காசு மாதிரி இருப்பதால் பணம் சேருமாம். சாப்பாட்டில் அதிர்ஷ்டம் இருக்கிறது என்று நாம் நம்புவதில்லை. நன்மையும் பறக்கத்தும் அல்லாஹ்விடம் இருந்து வருவது. ஆனால் அந்த நம்பிக்கைக்கு அடியில் ஒரு விவசாயக் கணக்கு இருக்கிறது. பெரும்போக அறுவடை முடிந்து புது நெல் வீட்டுக்கு வந்திருக்கும் காலம் இது. புது அரிசி, தேங்காய்ப்பால், கித்துள் பாணி, தேங்காய் எண்ணெய். கண்டி மலைநாட்டில் ஒரு குடும்பம் வருடமெல்லாம் உழைத்துச் சேர்த்ததன் மாதிரி முழுவதும் அந்தத் தட்டில் இருக்கிறது.

இனி ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயரிடம் போவோம். 1660இல் கொட்டியாரத்தில் பிடிபட்டு, 1679இல் தப்பியோடும் வரை கண்டி இராச்சியத்தில் கைதியாக வாழ்ந்தவர். கண்டிக்குத் தெற்கே எலதெத்தவில் வீடு கட்டி இருந்தவர். 1681இல் லண்டனில் வெளிவந்த அவரது நூலில் கெவும், அக்கலா, அலுவா என்ற மூன்றும் பெயர் சொல்லி வருகின்றன. அரிசி மாவும் சர்க்கரையும் சேர்த்து எண்ணெயில் பொரிப்பது கெவும். வறுத்த அரிசியில் மிளகு, ஏலம், கறுவா சேர்த்து உருண்டை பிடிப்பது அக்கலா. சாய்சதுரமாக வெட்டுவது அலுவா. ஏறத்தாழ 350 வருடம் போயும் செய்முறை பெரிதாக மாறவில்லை.

அவர் தரும் புத்தாண்டுத் திகதி மட்டும் மாறியிருக்கிறது: மார்ச் 27, 28 அல்லது 29. பிள்ளைகள் இதைக் கண்டால் பிழை என்பார்கள். பிழையில்லை. அக்கால இங்கிலாந்து பயன்படுத்திய பழைய நாட்காட்டி, இன்றையதைவிட 10 நாள் பின்னால் நின்றது. அதைக் கூட்டினால் ஏப்ரல் 6, 7, 8 வரும். மீதி? பஞ்சாங்கத்தின் சூரிய வருடம் ஆங்கில வருடத்தைவிட 24 நிமிடமளவில் நீளம். 60 வருடத்துக்கு ஒரு நாள் என்ற கணக்கில் நகர்ந்து இன்று ஏப்ரல் 13, 14இல் நிற்கிறது.

நொக்ஸ் சொல்லும் ஒரு சம்பவம் ருசியானது. ஒல்லாந்தர் கொழும்புக்கு வந்த புதிதில், அரசன் இரண்டாம் இராஜசிங்கன் கெவும் சுடச்செய்து அவர்களுக்கு அனுப்பினானாம். சாப்பிட்டுப் பார்த்தவர்கள், இது மரத்தில் காய்ப்பதா என்று கேட்டார்களாம். அதே ஒல்லாந்தரின் சொல்தான் இன்று தட்டில் கெவுமுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கொக்கிஸ் என்ற பெயர் ஒல்லாந்து மொழியில் சிறு கேக்கைக் குறிக்கும் சொல்லில் இருந்து வந்தது. தமிழ்நாட்டில் இதைப் போன்ற ஒன்றை அச்சு முறுக்கு என்பார்கள்.

மற்றவற்றையும் பாருங்கள். அதிரச என்று சிங்களத்தில் சொல்வது தமிழ் அதிரசம். தொதல், மலாய், ஜாவா பக்கத்துப் பெயர். ஹல்வா, அல்வா, அலுவா: மூன்றையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள், அரபுச் சொந்தம் விளங்கும்.

பாற்சோற்றில் போடும் உப்பிலும் எமது முன்னோரின் கால்தடம் உண்டு. 1766 உடன்படிக்கையோடு கண்டி இராச்சியம் கரையோரம் முழுவதையும் ஒல்லாந்தரிடம் இழந்தது. மலைநாட்டில் உப்பு விளையாது. கரையில் இருந்து உப்பும் கருவாடும் தவளம் மாடுகளின் முதுகில் மேலே ஏறின. பாக்கு கீழே இறங்கியது. அந்தப் போக்குவரத்தைக் கவனித்த அரச பிரிவு மடிகே பத்த. அதில் முக்கியமாக இருந்தவர்கள் கண்டி முஸ்லிம்கள். அதற்கு முன்பே, 1626இல் போர்த்துக்கேயர் முஸ்லிம்களை வெளியேற்றியபோது இடம் கொடுத்தவர் மன்னர் செனரத். கண்டிப் பள்ளிவாசலுக்கு ஒவ்வொரு காணிக்காரரும் ஒரு பணம் கொடுக்க வேண்டும் என்று முன்னைய அரசன் ஒருவன் கட்டளையிட்டிருந்ததையும் நொக்ஸ் எழுதியிருக்கிறார்.

இதெல்லாம் இருந்தும் நாம் அடிபட்டோம் என்பதையும் மறைக்க முடியாது. 1915 மே இறுதியில் கலவரம் தொடங்கியது எமது கண்டி நகரில்தான். 2018ஐ இங்குள்ள எல்லோரும் அறிவோம். ஆனால் அது எதில் தொடங்கியது என்பதை நினைத்துப் பாருங்கள். பெப்ரவரி 26 இரவு அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. உணவில் கண்ட ஒரு மாக்கட்டியை மலட்டு மாத்திரை என்று கதை கட்டினார்கள். அது வெறும் மாதான் என்று பரிசோதனை அறிக்கை பின்னர் வந்தது. அதற்குள் கடையும் பள்ளிவாசலும் உடைந்து முடிந்திருந்தன. அதே நாட்களில் தெல்தெனியவில் எம்மவர் சிலர் தாக்கிய ஒரு சிங்களச் சாரதி மார்ச் தொடக்கத்தில் உயிரிழந்தார். மார்ச் 5 திகன எரிந்தது. தீ வைத்த வீட்டுக்குள் ஒரு முஸ்லிம் இளைஞர் மரணித்தார். இரண்டு வீடுகளிலும் தாய்மார் அழுதார்கள்.

அதில் இருந்து சரியாக 40 நாளில் புத்தாண்டு. அந்த வருடம் தட்டு வந்ததா, நாம் கதவைத் திறந்தோமா என்பதை அவரவர் வீடு அறியும். மறு வருடம் புத்தாண்டு முடிந்து ஒரு கிழமையில் ஏப்ரல் 21 வந்தது. அதற்குப் பிறகு நின்றுபோன தட்டுகள் சில இன்னும் திரும்பவில்லை.

இங்கேதான் எமது கருத்து. "முஸ்லிம் கையால் சாப்பிடாதே" என்பதுதான் அம்பாறைக் கதையின் சாரம். அதை நம்பாத ஒரு சிங்களத் தாய், தன் கையால் சுட்ட கெவுமை எமது வீட்டுக்கு அனுப்புகிறார். நாம் அதை வாங்கி மூலையில் வைத்துவிட்டு, பிறகு வெளியில் கொட்டினால், அந்தக் கதையைக் கட்டியவனுக்கு நாமே உதவி செய்கிறோம். மார்க்கத்தில் சந்தேகம் இருந்தால் ஆலிமிடம் கேளுங்கள். எண்ணெயில் சந்தேகம் இருந்தால் அந்தத் தாயிடமே கேளுங்கள், ஒளிக்காமல் சொல்வார். கேட்காமல் ஒதுக்குவதுதான் கூடாது. அண்டை வீட்டாரின் உரிமையை எமக்குப் படிப்பித்தவர் எங்கள் நபி (ஸல்) அவர்கள்.

2022, 2023 இரண்டிலும் புத்தாண்டு நோன்பு காலத்தில் வந்தது. நோன்புக் கஞ்சிக் கோப்பைக்குப் பக்கத்தில் கெவும் இருந்த வீடுகள் எமது ஊர்களில் இருந்தன. 2024இல் நோன்புப் பெருநாளும் புத்தாண்டும் ஒரே கிழமையில் வந்தன. பிறைக் கணக்கில் அது மீண்டும் வர இன்னும் ஏறத்தாழ 30 வருடம் ஆகும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. எங்கள் உம்மாமார் ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள்: வந்த தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்புவதில்லை. பெருநாள் வட்டிலப்பத்துக்குக் காத்திருக்காமல், ஒரு கொத்து வாழைப்பழமாவது வைத்துக் கொடுப்பார்கள்.

இந்த வருடம் தட்டு வந்தால், பிள்ளைகளின் கையில் கொடுத்துத் திருப்பி அனுப்புங்கள். கொக்கிஸின் கதையையும் உப்பின் கதையையும் சொல்லி அனுப்புங்கள். உங்கள் ஊரில் எந்த வீட்டுத் தட்டு எந்த வீட்டுக்குப் போனது என்பது நினைவில் இருக்கும் பெரியவர்கள் கீழே எழுதுங்கள். பெயர்கள் வேண்டாம், ஊரும் காலமும் போதும். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.