பள்ளி மன்றத்துல யார் லீடர்? பாகுபாடு காட்டினால் என்ன செய்யலாம்?

கிளாஸ் லீடர், மன்றச் செயலாளர், டீம் கேப்டன்... இந்தப் பொறுப்பெல்லாம் யாருக்குப் போகுது? சில ஊர்களில் சாதியைப் பார்ப்பார்கள். எம்.கே.பி. நகர் மாதிரியான வடசென்னைப் பகுதிகளில் 'எந்த ஏரியா?' என்ற கேள்வியே அந்த வேலையைச் செய்துவிடும்.

சந்துரு குழு ஏன் வந்தது?

2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவரும் அவரது தங்கையும் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டனர். சிக்கியது சக மாணவர்கள். இதையடுத்து ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டது. 2024 ஜூன் 18-ல் அறிக்கை தாக்கலானது.

முக்கியப் பரிந்துரைகள்:

• அகர வரிசைப்படி இருக்கை.

• சாதியைக் காட்டும் கலர் கயிறுகளுக்குத் தடை.

• உதவித்தொகைக்காக வகுப்பில் பெயர் சொல்லி அழைக்கக் கூடாது.

• 500-க்கு மேல் மாணவர்கள் படிக்கும் பள்ளிகளில் நல அலுவலர்.

• எல்லாச் சமூக மாணவர்களும் இருக்கும் 'சமூக நீதி மாணவர் படை'.

மகிழ் முற்றம் என்றால்?

அரசுப் பள்ளி மாணவர்களை குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என 5 குழுக்களாகப் பிரிக்கும் திட்டம். தலைமைப் பொறுப்பும் மாணவர்களுக்கே. ஆனா, ஆசிரியருக்குப் பிடித்தவரே லீடர் என்றால் பெயர் மட்டும்தான் மாறும். ரகசிய வாக்கெடுப்பு, சுழற்சி முறை, எல்லோரும் பார்க்கும்படி எழுதி ஒட்டிய விதிகள். இந்த மூன்றும் இருந்தால் பாகுபாட்டுக்கு இடம் குறையும்.

புகார் எங்கே?

பள்ளியில் உள்ள 'மாணவர் மனசு' பெட்டியில் போடலாம். 14417 அல்லது 1098 எண்ணுக்கு போன் செய்யலாம். என்ன நடந்தது, எப்போது, யார் பார்த்தார்கள் என்பதை அன்றே எழுதி வைப்பது நல்லது.