சி.எஸ்.ஆரா, எஃப்.ஐ.ஆரா?

வீட்டுல அடி வாங்கின ஒரு பொண்ணு ஸ்டேஷனுக்குப் போறாங்க. திரும்பி வரும்போது அவங்க கையில என்ன காகிதம் இருக்கும்? இன்னைக்கு அந்தக் காகிதத்தோட வரலாறு.

கணவர் வீட்டுக் கொடுமைக்குன்னு தனிக் குற்றப்பிரிவு, 498-ஏ, 1983-லதான் வந்தது. 1992-ல சென்னை ஆயிரம் விளக்குல தமிழ்நாட்டோட முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம். இன்னைக்கு நம்ம செங்கல்பட்டு, மாமல்லபுரம் ரெண்டு இடத்துலயும் இருக்கு.

சரி, உள்ள போனா? மனு கொடுத்ததும் பெரும்பாலும் கிடைக்கிறது சி.எஸ்.ஆர். ரசீது. மனு வந்ததுக்கு அத்தாட்சி, அவ்வளவுதான். எஃப்.ஐ.ஆர். போட்டாதான் அது வழக்கு. நடுவுல ரெண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவாங்க. "சமாதானமா போறோம்"னு எழுதி வாங்கிட்டா மனு முடிஞ்சது.

2013-ல லலிதா குமாரி வழக்குல உச்ச நீதிமன்றம், கைதுக்குரிய குற்றம்னா எஃப்.ஐ.ஆர். கட்டாயம்னு சொல்லிச்சு. ஆனா குடும்பத் தகராறுல முதல்கட்ட விசாரணை செய்யலாம்னு ஒரு விலக்கும் கொடுத்துச்சு.

இதுல என்ன பிரச்சினை? நான் சாஃப்ட்வேர் ஆள். லாக்ல பதிவாகாத எரர் மறுபடி வந்தா, அதுதான் முதல் தடவைன்னு கணக்காகும். இங்கயும் அதேதான். அஞ்சாவது அடிக்கு வழக்கு போடும்போது, முந்தின நாலும் "குடும்பத் தகராறு"ங்கற ஒரே வரியில கிடக்கும்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் எண்ணுறதும் பதிவான வழக்குகளை மட்டும்தான். ஆனா 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புல, தமிழ்நாட்டுல திருமணமான பெண்கள்ல சுமார் 38 சதவீதம் பேர் கணவரோட வன்முறையைச் சந்திச்சதா சொல்லியிருக்காங்க. பலர் ஸ்டேஷன் படியே ஏறியிருக்க மாட்டாங்க. ஏறினவங்க எல்லாரும் வழக்குக் கணக்குல வர்றதும் இல்ல.

இந்த ஓட்டையை அடைக்கிற காகிதம் ஒண்ணு இருக்கு. 2005 குடும்ப வன்முறைச் சட்டம், 2006-ல நடைமுறைக்கு வந்தது. அதோட படிவம் 1, குடும்ப வன்முறைச் சம்பவ அறிக்கை. எந்த நாள், எந்த இடம், யார் செஞ்சாங்கன்னு ஒவ்வொண்ணா கேட்கும். அடி மட்டுமில்ல, நடத்தையைச் சந்தேகப்பட்டது, செலவுக்குப் பணம் தராதது, வீட்டை விட்டுத் துரத்தினது எல்லாத்துக்கும் அதுல இடம் உண்டு. இதை எழுதறது போலீஸ் இல்ல, சமூக நலத்துறையோட பாதுகாப்பு அலுவலர். அப்படி ஒருத்தர் இருக்கார்னு சொல்ல வேண்டியது போலீஸோட கடமை. சட்டத்தோட 5-வது பிரிவு அதைத்தான் சொல்லுது.

2024 ஜூலை 1-ல இருந்து 498-ஏ, புதுச் சட்டத்துல 85-வது பிரிவா மாறிடுச்சு. மத்தபடி கேட்க வேண்டியது அதேதான். ரசீது நம்பரை வாங்கி வைங்க. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேளுங்க. பாதுகாப்பு அலுவலர் யார்னு கேளுங்க. அவசரம்னா 181.

உங்க பக்கத்து வீட்டு அக்காவுக்கு இது தேவைப்படலாம். சொல்லி வைங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.