நம்பப்படாத தூது

ஒரு நாட்டின் தூதர் இன்னொரு நாட்டில் பொறுப்பேற்கும்போது, தம் நாட்டுத் தலைவர் கையொப்பமிட்ட மடல் ஒன்றை அந்நாட்டுத் தலைவரிடம் அளிக்கிறார். எம் சார்பில் இவர் உரைப்பதை முழுமையாக நம்புக என்பதே அம்மடலின் சாரம். தூதரக மாளிகை, கொடி பறக்கும் கார், விருந்துகள் யாவும் இந்த வேண்டுகோளின் மேல் நிற்பவையே. ஆனால் தூதர் தேடிக்கொள்ள வேண்டிய நம்பிக்கை அந்த ஒரு தலைநகரோடு முடிந்துவிடுவதில்லை. 1950ஆம் ஆண்டுப் பீக்கிங் இதற்குச் சான்று.

மக்கள் சீனத்திற்கு இந்தியா அனுப்பிய முதல் தூதர் கே.எம். பணிக்கர். ஆக்ஸ்போர்டில் வரலாறு பயின்றவர். பிகானீர் சமஸ்தானத்தின் திவானாக இருந்தவர். மலையாளத்தில் 'கேரளசிம்மம்' உள்ளிட்ட வரலாற்று நாவல்களை எழுதியவர். ஐரோப்பிய ஆதிக்கத்தின் காலம் ஆசியாவில் முடிந்துவிட்டது என்ற பார்வை அவருக்கு உண்டு. புதிய சீனத்தை அவர் பரிவோடு நோக்கியதற்கு அதுவே காரணம் எனலாம்.

அவ்வாண்டு ஜூன் 25 அன்று கொரியப் போர் மூண்டது. செப்டம்பரில் இஞ்சோனில் தரையிறங்கிய அமெரிக்கப் படை போரின் போக்கையே மாற்றிற்று. 38ஆவது அட்சரேகையை அப்படை கடக்குமா, கடந்தால் சீனம் என்ன செய்யும் என்பவையே அன்றைய கேள்விகள். சீனம் போரில் இறங்காது என்றே பணிக்கரும் முதலில் கருதினார். செப்டம்பர் 25 அன்று சீனத் தளபதி நியே ரோங்ஷென், அமெரிக்கர் எல்லைவரை வருவதைக் கைகட்டிப் பார்த்திருக்க மாட்டோம் என்று அவரிடம் கூறிய பின்னரே அவர் எண்ணம் மாறியது.

அக்டோபர் 2 நள்ளிரவு கடந்து, உறங்கிக்கொண்டிருந்த பணிக்கரை எழுப்பிப் பிரதமர் சூ என்லாயின் இல்லத்திற்கு அழைத்துச் சென்றனர். செய்தி சுருக்கமானது. தென்கொரியப் படை மட்டும் கடந்தால் பொருட்டில்லை. அமெரிக்கர் கடந்தால் சீனம் தலையிடும். பீக்கிங்கில் அமெரிக்காவிற்குத் தூதரகம் இல்லை. ஆகவே புதுதில்லி, லண்டன் வழியாகச் சுற்றி அச்சொல் வாஷிங்டனை அடைந்தது.

திருக்குறளின் தூது அதிகாரத்திற்கு உரை கண்ட பரிமேலழகர், தூதரை இருவகையினராகப் பிரிப்பார். தானே வகுத்துக் கூறுபவன் ஒருவன். பிறர் கூறியதைக் கூறுபவன் மற்றவன். அன்றிரவு பணிக்கர் இரண்டாம் வகையினர். தம் கருத்தென எதையும் சேர்க்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை. வாஷிங்டனோ அவரை முதல் வகையினராகவே படித்தது. சீனப் பொதுவுடைமையாளர் பக்கம் சாய்ந்தவர் என்று அவரை ஐயுற்ற ட்ரூமனும் அவருடைய ஆலோசகர்களும், ஐ.நா. வாக்கெடுப்பை அச்சுறுத்தும் தந்திரமாக அச்செய்தியைக் கருதினர். அக்டோபர் 7 அன்று பொதுச்சபை தீர்மானத்தை நிறைவேற்றியது. அமெரிக்கப் படை எல்லையைக் கடந்தது. அக்டோபர் 19 அன்று சீனப்படை யாலு ஆற்றைத் தாண்டியது. 1953 ஜூலையில் போர் நிறுத்தப்பட்டபோது அமெரிக்கத் தரப்பில் மட்டும் 36,000க்கும் மேற்பட்டோர் மாண்டிருந்தனர். மாண்ட சீனரும் கொரியரும் அதனினும் பன்மடங்கு.

இங்கே ஒன்றையும் சொல்ல வேண்டும். அந்நள்ளிரவில் சீனத் தலைமையே இறுதி முடிவை எட்டியிருக்கவில்லை என்பதைப் பின்னாளில் வெளிவந்த ஆவணங்கள் காட்டுகின்றன. அக்டோபர் 4, 5 தேதிகளில்தான் அரசியல் குழு கூடி விவாதித்தது. எனினும் எச்சரிக்கை வெற்றுச் சொல்லாக இருக்கவில்லை.

பணிக்கர் கதையை இத்தோடு முடித்தால் அவர் தீர்க்கதரிசியாகிவிடுவார். ஆனால் ஐ.நா. தீர்மானம் நிறைவேறிய அதே நாள்களில், சீனப்படை திபெத்தின் சாம்டோ பகுதிக்குள் நுழைந்தது. அது குறித்துத் தில்லி முன்கூட்டி அறியவில்லை. நவம்பர் 7 அன்று நேருவுக்கு எழுதிய நெடிய கடிதத்தில் வல்லபபாய் படேல், நம் தூதர் சீனத்தின் செயல்களுக்கு நியாயம் கண்டுபிடிக்கவே மிகவும் முயல்கிறார் என்று குறைப்பட்டார். இப்போது ஐயம் எழுந்தது வாஷிங்டனில் அன்று, சொந்த அமைச்சரவைக்குள்.

இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் வேர் ஒன்றே. சீனத் தலைவர்களுக்கு நெருக்கமானவர் என்பதால்தான் நள்ளிரவில் பணிக்கருக்குக் கதவு திறந்தது. அந்நெருக்கமே அவர் சொல்லை வாஷிங்டனில் மலிவாக்கியது. திபெத்தின் விஷயத்தில் அவர் கண்ணையும் மறைத்தது. வேற்று நாட்டின் உள்ளத்தை அறிய அதை நெருங்கியே ஆகவேண்டும். நெருங்கியவன் மீது இரு கரைகளிலும் ஐயம் படியும். இதற்குத் தீர்வு தரும் மடல் எதையும் எந்த அரசுத் தலைவரும் இதுவரை எழுதவில்லை.

ஆயினும் கேட்பவரின் கடமை என்றொன்று உண்டு. சொல்பவனைப் பற்றிய ஐயம், சொல்லைச் சோதிக்கத் தூண்ட வேண்டும். அதைத் தள்ளிவிடக் காரணமாகக் கூடாது. 1950இல் வாஷிங்டன் பணிக்கரை எடைபோட்டது. அவர் கொண்டுவந்த செய்தியை எடைபோடவில்லை. அதன் விலையைக் கொடுத்தவர்கள் அவ்விருவருள் எவரும் அல்லர். கொரிய மலைகளின் பனியில் மடிந்த இளைஞர்கள்.